'செட்டில்' என்றொரு வினைச்சொல்

ஆங்கிலத்தில் கடினமான சொற்கள் நம்மைக் குழப்புவதைவிட எளிய சொற்கள் குழப்புவதே அதிகம். கடினமான சொல்லைக் கண்டதும் நாம் அகராதியைத் தேடுகிறோம். எளிய சொல்லைக் கண்டதும், 'இது தெரிந்ததுதானே' என்று கடந்து போய்விடுகிறோம். அப்படி நாம் கடந்து போகும் சொற்களுள் ஒன்று 'செட்டில்'.

தமிழில் பேசும்போதுகூட இச்சொல் நம் வாயில் வந்துவிடுகிறது. "மகன் கனடாவில செட்டிலாகிட்டான்" என்கிறோம். "கடைக் கணக்கை செட்டில் பண்ணியாச்சு" என்கிறோம். "பிள்ளைகளை ஒருமாதிரி செட்டில் பண்ணிட்டா நிம்மதி" என்று பெற்றோர் பெருமூச்சு விடுகிறார்கள். முதல் வாக்கியத்தில் அதன் பொருள் குடியேறுதல். இரண்டாவதில் கடன் தீர்த்தல். மூன்றாவதில் கல்யாணமும் உத்தியோகமும் சேர்ந்த ஒரு நிலைபேறு. மூன்றையும் ஒரே சொல் சுமக்கிறது.

ஆங்கிலத்திலோ பட்டியல் இன்னும் நீளம். கலங்கிய நீரில் மண் அடியில் இறங்கினால் 'செட்டில்'. எழுந்த தூசு அடங்கினால் 'செட்டில்'. புதிதாகக் கட்டிய வீட்டின் அத்திவாரம் சற்றுக் கீழிறங்கினாலும் 'செட்டில்'. வழக்காளிகள் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பட்டால் 'செட்டில்'. மகளின் பெயருக்குச் சொத்தை எழுதி வைத்தால் 'செட்டில்'. கேட்டது கிடைக்காமல் கிடைத்ததைக் கொண்டு அமைவதற்கும் இச்சொல்லே. பழைய பகையை மனத்தில் வைத்திருந்து ஒருவனைப் பழிதீர்ப்பதற்கும் இதே சொல். சமாதானத்துக்கும் பழிவாங்கலுக்கும் ஒரே வினைச்சொல் என்றால் மாணவன் குழம்பாமல் என்ன செய்வான்?

இச்சொல்லை விளக்குவதற்கு நான் புத்தளம் மாவட்டக் கரையோரத்தை எடுத்துக்கொள்கிறேன். அதன் பொருள்களுள் முக்கியமானவை எல்லாம் அங்கே கண்முன் கிடக்கின்றன. உப்பளம் இருக்கிறது, மீனவர் வாடி இருக்கிறது, காணிப் பிரச்சினை இருக்கிறது. 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் அங்கு வந்து சேர்ந்த வடபுலத்து முஸ்லிம் மக்களின் வாழ்க்கையும் இருக்கிறது. இன்னொரு பொருத்தமும் உண்டு. தமிழையும் ஆங்கிலத்தையும் அருகருகே வைத்துப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவரான சைமன் காசிச்செட்டி 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். 1834இல் இலங்கை கசற்றியரையும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் 'தமிழ் புளூட்டார்க்' நூலையும் ஆங்கிலத்தில் தந்தவர் அவர். சொல்லாராய்ச்சிக்கு அந்நியமான கரையன்று அது.

இரண்டு ஊற்றுகள்

முதலில் சொல்லின் பிறப்பை நோக்குவோம்.

பழைய ஆங்கிலத்தில் 'செட்ல்' என்றொரு பெயர்ச்சொல் இருந்தது. அதன் பொருள் ஆசனம், இருக்கை. அதிலிருந்து 'செட்லன்' என்ற வினை பிறந்தது. ஒரு பொருளை ஓரிடத்தில் இருத்துதல் என்பது அதன் கருத்து. முதுகுப்புறம் உயர்ந்த மரவாங்கு ஒன்றை இன்றும் ஆங்கிலேயர் 'செட்டில்' என்ற பெயரால் அழைப்பதுண்டு. அந்தப் பழைய பெயர்ச்சொல்லின் எச்சம் அது.

இதற்கும் பின்னால் போனால் இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் பொதுவான 'ஸெட்' என்ற வேர் தென்படும். உட்காருதல் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தின் 'சிட்', 'செட்', 'சீட்' ஆகியவை அவ்வேரிலிருந்து வந்தவை. சமஸ்கிருதத்தின் 'சத்' என்ற வினையடியும் அதுவே. அவை கூடும் இடமாகிய சதஸ், குருவின் அருகே அமர்ந்து கேட்பது என்று பொருள் சொல்லப்படும் உபநிஷதம் ஆகியவை நமக்குத் தெரிந்த உறவினர்கள்.

இலத்தீன் வழியாக வந்த உறவினர்களும் பலர். குடியிருத்தலைக் குறிக்கும் 'ரிசைட்', அடியில் படியும் வண்டலைக் குறிக்கும் 'செடிமென்ட்', உடைமையாக வைத்திருத்தலைக் குறிக்கும் 'பொசெஸ்' ஆகிய மூன்றின் உள்ளேயும் உட்காருதல் என்ற கருத்து ஒளிந்திருக்கிறது. ஒரு நிலத்தில் உட்கார வல்லவன் அதன் உடைமையாளன் என்பது பழைய உரோமர்களின் எண்ணம் போலும்.

எனக்கு மிகவும் பிடித்த உறவினர் இருவர். ஒன்று பறவைக் கூட்டைக் குறிக்கும் 'நெஸ்ட்'. கீழே அமருமிடம் என்பது அதன் மூலப்பொருள். சமஸ்கிருதத்தில் இதுவே நீடம் ஆயிற்று. மற்றது புகைக்கரியைக் குறிக்கும் 'சூட்'. பறந்து வந்து படிவது என்பதால் அப்பெயர். கூடும் கரியும் ஒரே குடும்பம்! நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011இல் இயங்கத் தொடங்கிய பிறகு, நிலக்கரித் தூசும் சாம்பலும் வீட்டிலும் தோட்டத்திலும் படிவதாகச் சுற்றுவட்டாரத்து மக்கள் முறையிட்டு வந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதை எழுதினால் தூசும் 'செட்டில்' ஆகிறது, அந்த மக்களும் அங்கே 'செட்டில்' ஆனவர்கள். யார்மீது யார் அமர்ந்தார் என்பதைச் சொல் சொல்லாது.

இதுவரை சொன்னது முதலாவது ஊற்று. இரண்டாவது ஊற்று இதனோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதது.

ஒன்பதாம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் வடகடலைக் கடந்து இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியைத் தாக்கினார்கள். பிறகு அங்கேயே குடியமர்ந்தார்கள். அவர்களுடைய பழைய நோர்ஸ் மொழியில் சமாதானத்தையும் உடன்பாட்டையும் குறிக்க 'ஸாட்' என்றொரு சொல் இருந்தது. ஆங்கிலத்துக்குள் வந்த அச்சொல்லிலிருந்து, பகைத்தவர்களை இணக்குதல் என்ற பொருளில் 'ஸாட்லன்' என்ற வினை உண்டாகி, இடைக்கால ஆங்கிலத்தில் வழங்கியது. ஒலியால் இது 'செட்டில்' என்ற சொல்லுக்கு மிக நெருக்கமானது. காலப்போக்கில் இரண்டும் ஒன்றாய்க் கலந்துவிட்டன. இரண்டாவது சொல்லின் வடிவம் மறைந்தது. அதன் பொருள் மட்டும் முதலாவது சொல்லுக்குள் குடிபுகுந்தது.

ஆக, இன்று நாம் வழங்கும் 'செட்டில்' என்ற சொல்லில் இரண்டு சொற்கள் வாழ்கின்றன. ஒன்று இருத்தும். மற்றது இணக்கும். குழப்பத்துக்கெல்லாம் அடிப்படை இதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கரையோரத்துக்குப் போவோம்.

படிவதும் விளைவதும்

புத்தளம் களப்பு நாட்டின் உப்பு உற்பத்திக்கு நெடுங்காலமாகவே பேர் போனது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அந்த உப்பில் கண்ணாயிருந்தார்கள். 1660களிலும் 1670களிலும் ஒல்லாந்தர் கட்டிய கற்பிட்டிக் கோட்டை களப்பின் வாயிலைக் காத்து நிற்பதே அதற்குச் சாட்சி. அக்கோட்டை 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

உப்பளத்தில் நடப்பது என்ன? களப்பு நீரை முதலில் பெரிய தேக்கங்களில் விடுகிறார்கள். அங்கே சேறு அடியில் படிகிறது. தெளிந்த நீர் அடுத்த பாத்திக்குப் போகிறது. வெயிலிலும் காற்றிலும் நீர் வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்பும், கடல்நீர் ஐந்திலொரு பங்களவுக்குச் சுருங்கும்போது ஜிப்சமும் பிரிந்து தங்கிவிடுகின்றன. பத்திலொரு பங்களவுக்குச் சுருங்கும்போதுதான் நாம் உண்ணும் உப்பு மணியாகத் தொடங்குகிறது. அதற்கெனத் தனிப் பாத்தி உண்டு. உப்பை வாரிய பின் எஞ்சும் கசப்பு நீரை வெளியேற்றிவிடுகிறார்கள்.

இதில் எது 'செட்டில்'? சேறு படிவது மட்டுமே. உப்பு உண்டாவதற்கு ஆங்கிலத்தில் வேறு வினை இருக்கிறது. பள்ளிக்கூடக் கட்டுரைகளில் உப்பு 'செட்டில்' ஆகிறது என்று எழுதிவிடுவார்கள். தமிழைத் துணைக்கு அழைத்தால் இப்பிழை வராது. சேறு படிகிறது என்கிறோம். உப்பு விளைகிறது என்கிறோம், பூக்கிறது என்கிறோம். நெல்லுக்கும் பூவுக்கும் உரிய வினையை உப்புக்குக் கொடுத்தவர்கள் நம்மவர்கள். உப்பளத்துத் தொழிலாளி ஒருவர் இரண்டையும் ஒருபோதும் மாற்றிச் சொல்லமாட்டார்.

கலங்கல் தெளிவதற்கு நம்மிடம் அழகான இன்னொரு வினையும் உண்டு. அது 'தேறுதல்'. கிணற்று நீர் கலங்கியிருந்தால் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து நீரை ஊற்றி வைப்பது பழைய வழக்கம். சற்று நேரத்தில் மண் அடியில் இறங்கிவிடும். நீரைத் தேற்றுவதால் அது தேற்றாங்கொட்டை. இதே வினையை மனிதருக்கும் பயன்படுத்துகிறோம். அழுபவரைத் தேற்றுகிறோம். நோயாளி தேறுகிறார். மாணவன் பரீட்சையில் தேறுகிறான்.

கலித்தொகையின் நெய்தற்கலியில் இந்தக் கொட்டை உவமையாக வருகிறது. பிரிவினால் நெஞ்சு கலங்கி நின்ற பெண்ணொருத்தி, காதலன் வந்து சேர்ந்ததும், இக்கொட்டையால் தெளிந்த நீரைப் போலத் தெளிந்தாள் என்பது அந்த இடம். நெய்தல் கடற்கரைத் திணை. பிரிந்திருந்து இரங்குதல் அதன் உரிப்பொருள். ஆங்கிலம் 'செட்டில்' என்ற சொல்லில் நீருக்கும் மனத்துக்கும் பொதுவாக வைத்த பொருளை, நம் புலவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே 'தேற்று' என்ற சொல்லில் கண்டிருக்கிறார். அந்தப் பெண்ணைத் தேற்றியது எது என்பதையும் கவனியுங்கள். பிரிந்தவன் திரும்பி வந்ததே அவளைத் தேற்றியது.

வாடி

இனி மனிதர் அமர்வதற்கு வருவோம். கற்பிட்டிக் கரையில் நடந்தால் ஓலையாலும் தகரத்தாலும் ஆன குடில் வரிசைகளைக் காணலாம். இவற்றுக்குப் பெயர் வாடி. தமிழரும் சிங்களவரும் ஏறத்தாழ ஒரே ஒலியில் இச்சொல்லை வழங்குகிறார்கள். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேல்கரைக் கடல் கொந்தளிக்கும். அப்போது மீனவர் குடும்பங்கள் கடல் அமைதியாயிருக்கும் வேறு கரைக்குப் போவார்கள். பருவம் மாறியதும் திரும்புவார்கள். நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து வடக்கு நோக்கியும் கிழக்கு நோக்கியும் தலைமுறை தலைமுறையாக இப்படிப் போய் வருகிறார்கள்.

வாடியில் இருப்பவர் அங்கே 'செட்டில்' ஆனவரா? ஆங்கிலச் சொல் இங்கே திணறுகிறது. அதில் நிலைபேறு என்ற கருத்து அழுத்தமாக உண்டு. நம் மொழியிலோ பல படிகள் உள்ளன. தங்குதல் சில நாளைக்கு. வாடி போடுதல் ஒரு பருவத்துக்கு. குடியிருத்தல் சில காலத்துக்கு. குடியேறுதல் நிலையாக. ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை அவரிடமே கேட்டறிந்து சொல்லைத் தெரிவது நல்லது. இது வெறும் மொழிநடைப் பிரச்சினையன்று என்பதற்குப் பிறகு வருகிறேன்.

காணி நிர்ணயம்

மொழிபெயர்ப்பாளர்கள் அடிக்கடி இடறும் இடமொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1931ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் காணிச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் 'லாண்ட் செட்டில்மென்ட்' என்ற தொடர் வருகிறது. பெயரை மட்டும் பார்த்தவர் இதைக் 'காணிக் குடியேற்றம்' என்று மொழிபெயர்க்கக்கூடும். அது தவறு. ஒரு காணி அரசுக்குரியதா, தனியாருக்குரியதா, தனியாருக்கென்றால் எவருக்கு என்று உரிமைகோருவோரை அழைத்து விசாரித்து முடிவு கட்டுவதே அச்சட்டத்தின் வேலை. அதனால்தான் அரச தமிழில் அதைக் 'காணி நிர்ணயம்' என்று சரியாகவே தந்தார்கள். அங்கே எவரும் குடியேறவில்லை. ஓர் உரித்து முடிவாகிறது.

இதைப் போலவே, 1988ஆம் ஆண்டின் மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி இரு தரப்பாரும் உடன்பட்டால் சபை ஒரு சான்றிதழ் வழங்குகிறது. ஆங்கிலத்தில் அதுவும் 'செட்டில்மென்ட்' சான்றிதழ். தமிழில் அது இணக்கம். மறுபுறம், கல்லோயா போன்ற திட்டங்களில் மக்களை அரசு கொண்டுபோய் இருத்தியதைக் குடியேற்றம் என்கிறோம்.

ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழில் நிர்ணயம், இணக்கம், குடியேற்றம் என்று மூன்று. நமது மொழி இங்கே ஏழையன்று. பிரித்துப் பார்க்கத் தெரிந்த மொழி.

மீள்குடியேற்றம்

இனி எல்லாவற்றிலும் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்தவர்கள் வள்ளங்களில் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினார்கள். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அவர்களுள் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தை அடைந்தார்கள். புத்தளம், பாலாவி, ஆலங்குடா, கற்பிட்டி என்று முகாம்கள் எழுந்தன. அங்கிருந்த மக்கள் சோறும் இடமும் கொடுத்தார்கள்.

இவர்களைப் பற்றி எழுதப்பட்ட ஆங்கில அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் நம் வினைச்சொல் குறுக்கே வந்து நிற்கும். ஓர் இடத்தில் இவர்கள் புத்தளத்தில் 'செட்டில்' ஆனவர்கள். இன்னோர் இடத்தில் 'ரீசெட்டில்' செய்யப்பட வேண்டியவர்கள். வேறோர் இடத்தில் 'ரீசெட்டில்' செய்யப்பட்டு முடிந்தவர்கள். ஒரே குடும்பம் மூன்றுமாக இருக்க முடியுமா?

குழப்பத்தின் வேர் 'ரீ' என்ற முன்னொட்டில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு 'மறுபடியும்' என்றும் பொருள், 'திரும்பி' என்றும் பொருள். மறுபடியும் ஓரிடத்தில் குடியமர்வது வேறு. விட்டு வந்த இடத்துக்கே திரும்பிக் குடியமர்வது வேறு.

ஐக்கிய நாடுகளின் அகதி நிறுவனம் 'ரீசெட்டில்மென்ட்' என்று சொல்லும்போது, அடைக்கலம் புகுந்த நாட்டிலிருந்து மூன்றாவது நாடொன்றுக்கு அகதியை அனுப்புவதையே குறிக்கிறது. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி 1998இல் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட வழிகாட்டிக் கோட்பாடுகள் இரண்டு தெரிவுகளைத் தனித்தனியே சொல்கின்றன. சொந்த இடத்துக்குத் தன் விருப்பின்பேரில், பாதுகாப்போடும் கண்ணியத்தோடும் திரும்புவது ஒன்று. நாட்டின் வேறொரு பகுதியில் தன் விருப்பின்பேரில் குடியமர்வது மற்றொன்று. 'ரீசெட்டில்' என்ற சொல் இரண்டாவதற்கே அங்கு வழங்குகிறது. நமது நாட்டிலோ அமைச்சுகளுக்கும் 2007ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த அதிகார சபைக்கும் அதே சொல்லைப் பெயராக வைத்து, சொந்த ஊர் திரும்புவதைக் குறிக்கவே பெரும்பாலும் அதைக் கையாண்டார்கள். ஜெனீவாவில் இருந்து படிப்பவர் ஒன்றை விளங்கிக்கொள்வார். கொழும்பில் இருந்து எழுதியவர் வேறொன்றைக் கருதியிருப்பார்.

தமிழில் 'மீள்குடியேற்றம்' என்று வைத்தோம். நல்ல சொல். 'மீள்' என்ற அடியில் திரும்புதல் என்ற பொருள் உயிரோடு இருக்கிறது. போனவன் மீண்டான் என்றால் திரும்பி வந்தான் என்றே பொருள். அதனால் புத்தளத்தில் ஒருவருக்குக் கல்வீடு கட்டிக் கொடுத்துவிட்டு அதை மீள்குடியேற்றம் என்று தமிழில் சொன்னால் காது ஏற்காது. ஆங்கிலத்தில் 'ரீசெட்டில்' என்றால் ஏற்கும். 2007இல் உலக வங்கியின் உதவியோடு புத்தளத்தில் இடம்பெயர்ந்தோருக்கான வீடமைப்புத் திட்டம் தொடங்கியது. பதினேழு ஆண்டுகள் ஓலைக் குடிசையில் இருந்தவர்களுக்குக் கூரை அவசியமானதுதான். ஆனால் கூரை கிடைத்ததா என்பது ஒரு கேள்வி. ஊர் திரும்பும் உரிமை முடிந்ததா என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்லில் பதில் எழுதும்போது இரண்டாவது கேள்வி காணாமற் போகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று எவரும் எண்ண வேண்டாம். 2019 நவம்பர் 16ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றவர்களின் பஸ் வண்டிகள்மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. உயிர்ச்சேதமில்லை. அந்த மக்கள் ஏன் விடிவதற்கு முன்பே பல மணிநேரப் பயணம் புறப்பட்டார்கள்? உறங்கும் வீடு ஒரு மாவட்டத்தில், வாக்குரிமை இன்னொரு மாவட்டத்தில். அவர்கள் எங்கே 'செட்டில்' என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால் என்ன சொல்வார்கள்?

யார் செய்தது?

இவ்விடத்தில் நம் இலக்கணம் கைகொடுக்கிறது. ஆங்கிலத்தில் 'செட்டில்' என்பது தன்வினையாகவும் பிறவினையாகவும் வடிவம் மாறாமல் நிற்கும். மக்கள் தாமாகக் குடியமர்ந்தாலும், மற்றவர் கொண்டுபோய்க் குடியமர்த்தினாலும் ஒரே வடிவம். தமிழிலோ ஒரு மெய்யெழுத்து மாறினால் செய்தவர் யார் என்பது வெளிப்பட்டுவிடும். குடியேறு, குடியேற்று. தேறு, தேற்று. அமர், அமர்த்து. அடங்கு, அடக்கு. தூசு அடங்கட்டும் என்று காத்திருப்பது பொறுமை. மக்களை அடக்குவது கொடுமை. இரண்டுக்கும் நடுவே இருப்பது 'ங்' போய் 'க்' வருவது மட்டும்தான்.

இவ்வளவு கூரிய கருவி கையில் இருந்தும் நாம் அதைச் சில வேளைகளில் மழுங்கடிக்கிறோம். ஆங்கிலத்தின் 'டிஸ்பிளேஸ்ட்' என்ற சொல் செயப்பாட்டு வினை. யாரோ பெயர்த்தார்கள் என்ற குறிப்பு அதில் உண்டு. நாம் அதை 'இடம்பெயர்ந்தோர்' என்று தன்வினையில் தந்துவிட்டோம். தாமாகப் பெயர்ந்தது போலல்லவா தொனிக்கிறது! மழையாலும் குண்டு வீச்சாலும் ஓடியவர்களுக்கு அச்சொல் ஓரளவு பொருந்தலாம். நாள் குறித்து, நேரம் குறித்துப் போகச் சொல்லப்பட்டவர்களுக்குப் பொருந்தாது. வடபுலத்து முஸ்லிம்கள் தம்மைப் பற்றிப் பேசும்போது 'வெளியேற்றம்' என்ற சொல்லை விடாமல் பிடித்திருப்பதன் நியாயம் இதுதான். தமிழில் எழுதும் நாம், குறிப்பாகத் தமிழர்களாகிய நாம், அச்சொல்லைத் தயங்காமல் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

மறந்துபோன இரண்டாவது சொல்

'செட்டில்' என்ற சொல்லில் இரண்டு சொற்கள் வாழ்கின்றன என்று சொன்னேன். அலுவலகக் கோவைகளில் நடப்பது முதலாவது மட்டுமே. எத்தனை குடும்பம், எத்தனை வீடு, எத்தனை கூரைத்தகடு என்று எண்ணுகிறார்கள். இருத்துவது எண்ணக்கூடியது. நோர்ஸ் மொழியிலிருந்து வந்த இரண்டாவது பொருள், இணக்குதல், எந்தப் பத்திரத்திலும் கட்டமாக அமைவதில்லை.

அதற்கான முயற்சி நடக்கவேயில்லை என்றும் சொல்லமுடியாது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்துக்காக வருத்தம் தெரிவித்தார். அதே மாதம் ரவூப் ஹக்கீமுக்கும் பிரபாகரனுக்கும் இடையில் முஸ்லிம்கள் திரும்புவது உட்பட்ட உடன்பாடு ஒன்று கைச்சாத்தானது. யுத்தம் மறுபடி மூண்டதில் அது காரியமாகவில்லை. 2009இல் யுத்தம் முடிந்தபின் பல குடும்பங்கள் திரும்பின. திரும்பிய இடத்தில் காடு மூடிய வளவும், வேறொருவர் குடியிருக்கும் வீடும், பெயர் மறந்த அயலும் காத்திருந்தன. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ ஊர் என்பது பெற்றோர் சொன்ன கதை. இடங்கொடுத்த புத்தளத்து மக்களுக்கும் பாடசாலை, தண்ணீர், தொழில் என்று தங்கள் நியாயங்கள் இருந்தன. வடக்கிலும் சரி, புத்தளத்திலும் சரி, வீடு கட்டுவதைவிட அயலைக் கட்டுவது கடினம். அதற்குத்தான் அந்த இரண்டாவது சொல் தேவைப்படுகிறது.

முடிவாக, இச்சொல்லை மொழிபெயர்க்க நேரும் அன்பர்களுக்கு என் சிறு ஆலோசனை. மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். படிவதா, இருப்பதா, தீர்வதா என்பது முதலாவது. தானாக நடந்ததா, யாரேனும் செய்ததா என்பது இரண்டாவது. மனிதரைப் பற்றிய வாக்கியமானால், சம்பந்தப்பட்டவர் உடன்பட்டாரா என்பது மூன்றாவது. முதலிரண்டுக்கும் விடை அகராதியிலும் இலக்கணத்திலும் கிடைக்கும். மூன்றாவதற்கு அந்த மனிதரிடம்தான் கேட்க வேண்டும்.